குறைந்த ஒளியில் ஓர் ஆவணம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

மனித வாழ்வின் பெரும்பகுதி கூரையின் கீழ் நடைபெறுகிறது. சமைத்தல், நெய்தல், படித்தல், நோயுற்றோரைப் பேணுதல், பிரிந்தவருக்காக அழுதல் ஆகிய யாவும் வீட்டுக்குள்ளும் பணியிடத்துக்குள்ளும் நிகழ்பவை. ஒளிப்படக்கலையோ ஒளியை நம்பி வாழும் கலை. ஒளி குறைந்த அறைக்குள் நிகழும் வாழ்வை, அதன் இயல்பு கெடாமல் பதிவுசெய்வது எவ்வாறு? இவ்வினாவுக்கு ஒளிப்படக் கலைஞர்கள் கண்ட விடைகளையும் அவற்றின் பின்னுள்ள அறிவியலையும் அறத்தையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஆவண ஒளிப்படம்

ஒளிப்பட நிலையத்தில் எடுக்கப்படும் படத்திற்கும் ஆவண ஒளிப்படத்திற்கும் அடிப்படையான வேறுபாடு உண்டு. நிலையத்தில் விளக்குகள் கலைஞரின் விருப்பப்படி அமைக்கப்படுகின்றன. அமர்பவர் அவர் சொற்படி அமர்கிறார். ஆவண ஒளிப்படக் கலைஞரோ நிகழ்வதை நிகழ்ந்தவாறே பதிவுசெய்ய முயல்கிறார். ஆகவே, அந்த இடத்தில் இருக்கும் ஒளியே அவருக்குக் கிடைக்கும் ஒளியாகும்.

நண்பகல் வெயிலில் ஒளியின் அளவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். இரவில் விளக்கேற்றிய வீட்டறையில் அது 100 லக்ஸ் அளவிலேயே இருக்கும். அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதக் கண் இவ்வேறுபாட்டை எளிதில் சரிசெய்துகொள்வதால் அறை இருண்டிருப்பதை நாம் பெரிதாக உணர்வதில்லை. கேமராவுக்கு அத்தகைய தகவமைப்பு இயல்பாக அமையவில்லை. அதை இயக்குபவர்தான் அதனைச் செய்து தரவேண்டும்.

ஒளியைக் கொண்டு சென்றவர்

டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜேக்கப் ரீஸ், நியூயார்க் நகரில் காவல்துறைச் செய்திகளைத் திரட்டும் இதழாளராகப் பணியாற்றினார். அந்நகரின் ஏழைகள் நெருக்கமான அடுக்குக் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். பல அறைகளுக்குச் சாளரமே இல்லை. அவ்வறைகளின் நிலையைப் பற்றி அவர் எழுதியவை படிப்போரின் உள்ளத்தைப் போதிய அளவு அசைக்கவில்லை. படம் எடுக்கலாம் என்றால், அறைக்குள் ஒளி இல்லை.

1887ஆம் ஆண்டு ஜெர்மனியில் மெக்னீசியம் கலந்த ஒளிர்பொடி உருவாக்கப்பட்டது. அதைக் கொளுத்தினால் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் தோன்றி மறையும். இச்செய்தியை நாளிதழில் கண்ட ரீஸ், அப்பொடியை எடுத்துக்கொண்டு இரவு வேளைகளில் அக்குடியிருப்புகளுக்குள் சென்றார். ஓர் ஆளுக்கு ஐந்து சென்ட் வாங்கிக்கொண்டு உறங்க இடம் தரும் அறையில், மனிதர்கள் ஒருவரோடொருவர் ஒட்டிக் கிடந்ததை அவர் படம் உலகுக்குக் காட்டியது. 1890இல் அவருடைய நூல் வெளிவந்தது. மல்பெரி வளைவு என்னும் பகுதியின் பாழடைந்த குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, 1897இல் அங்கு ஒரு பூங்கா திறக்கப்பட்டது. 1901ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம், புதிதாகக் கட்டப்படும் குடியிருப்புகளில் ஒவ்வோர் அறைக்கும் வெளியை நோக்கிய சாளரம் வேண்டும் என்று விதித்தது. இம்மாற்றங்களுக்கு உழைத்தோர் பலர். அவர்களுள் ரீஸ் முதன்மையானவர். இருண்ட அறையின் படம், அறைகளுக்கு வெளிச்சம் கிடைக்க வழிசெய்தவற்றுள் ஒன்றாயிற்று.

எனினும், அம்முறைக்கு ஒரு விலை இருந்தது. நள்ளிரவில் உறங்கிக்கொண்டிருந்தோர் திடீரென எழுந்த பேரொளியில் அஞ்சி விழித்தனர். அவர்களின் திகைப்பு அப்படங்கள் சிலவற்றில் பதிந்துள்ளது. ஒளிர்பொடியால் இருமுறை வீடுகளில் தீப்பற்றியதை ரீஸே தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார். அறைக்கு வெளியிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ஒளி, அறையில் இருந்ததைக் காட்டியது. அதே வேளையில் அங்கு நிலவிய அமைதியைக் குலைத்தது.

ஒளியை ஏற்ற வில்லை

இச்சிக்கலுக்கு வேறொரு வழியை வில்லை தந்தது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்த எர்னமான் நிறுவனம், 1924இல் எர்மனாக்ஸ் என்னும் சிறிய கேமராவை வெளியிட்டது. லுட்விக் பெர்ட்டலே வடிவமைத்த அதன் வில்லை, அக்காலத்து வில்லைகளைவிட மிகுதியான ஒளியை உள்ளே விட்டது. கண்ணாடித் தகட்டில் படம் பதியும் அக்கேமராவைக் கொண்டு, அறையின் சாதாரண விளக்கொளியிலேயே படம் எடுக்க முடிந்தது.

அதன் ஆற்றலை உலகறியச் செய்தவர் எரிக் சாலமன். சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், 1920களின் பிற்பகுதியில் ஒளிப்படத் துறைக்கு வந்தார். படமெடுக்கத் தடைசெய்யப்பட்டிருந்த நீதிமன்ற அறைகளில் கேமராவை மறைத்து வைத்துப் படமெடுத்தார். பன்னாட்டு மாநாடுகளில் முக்காலியின்மீது கேமராவை நிறுத்தி, பேசுவோர் ஒருகணம் அசைவற்று இருக்கும் வேளைக்காகக் காத்திருந்தார். 1930இல் ஹேக் நகரில் நடந்த மாநாட்டின்போது, பின்னிரவில் களைத்துச் சோர்ந்திருந்த அமைச்சர்களை அவர் எடுத்த படம் புகழ்பெற்றது. நாடுகளின் தலைவிதியை எழுதுவோரும் உறக்கத்துக்கு ஏங்கும் மனிதர்களே என்பதை மக்கள் கண்டனர். யூதரான சாலமன், நாஜிக்களின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் 1944இல் கொல்லப்பட்டார். அவர் தொடங்கிவைத்த இருக்கும் ஒளியில் படமெடுக்கும் முறை, இதழியலின் இயல்பான வழக்கமாக நிலைபெற்றது.

தெரிந்து தெளிவோம்

வில்லையின் எஃப் எண் என்பது, அதன் குவியத் தொலைவை ஒளித்துளையின் விட்டத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணாகும். 50 மி.மீ. குவியத் தொலைவுடைய வில்லையில் ஒளித்துளையின் விட்டம் 25 மி.மீ. எனில், எஃப் எண் 2 ஆகும். எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்னும் வரிசையில், ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குச் செல்லும்போது உட்புகும் ஒளி பாதியாகக் குறைகிறது. இவ்வாறு இருமடங்காகவோ பாதியாகவோ மாறும் அளவை ஒளிப்படக் கலைஞர்கள் ஒரு படி என்பர்.

மூன்று வாயில்கள்

படத்தின் வெளிச்சத்தை மூன்று கூறுகள் முடிவுசெய்கின்றன. ஒளித்துளையின் அளவு முதலாவது. ஷட்டர் திறந்திருக்கும் ஒளிபடு நேரம் இரண்டாவது. ஐ.எஸ்.ஓ. என்னும் உணர்திறன் அளவு மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றையொன்று ஈடுசெய்பவை. ஒன்றில் ஒரு படியைக் கூட்டினால் மற்றொன்றில் ஒரு படியைக் குறைக்கலாம்.

ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய இழப்பு உண்டு. ஒளித்துளையைப் பெரிதாக்கினால் படத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் சுருங்கும். ஒளிபடு நேரத்தை நீட்டினால் அசைவு மங்கலாகப் பதியும். ஐ.எஸ்.ஓ. அளவை உயர்த்திக் குறைந்த ஒளியில் எடுத்தால் படத்தில் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் தோன்றும்.

ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். மாலை வேளையில் ஒரே விளக்கு எரியும் அறையில் ஒரு முதியவர் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். கேமராவுடன் பொதுவாக விற்கப்படும் 18–55 மி.மீ. வில்லையை 55 மி.மீ. அளவில் வைத்தால், எஃப் 5.6 என்பதே அதன் பெரிய துளை. ஐ.எஸ்.ஓ. 1600 என வைத்தால், அவ்வறையில் ஒளிபடு நேரம் 1/15 நொடி தேவைப்படுகிறது எனக் கொள்வோம். அந்நேரத்திற்குள் முதியவரின் கை அசையும். படமெடுப்பவரின் கையும் நடுங்கும். இப்போது எஃப் 1.4 அளவுடைய 50 மி.மீ. வில்லையைப் பொருத்தினால், 5.6இலிருந்து 1.4 வரை நான்கு படிகள் கிடைக்கின்றன. உட்புகும் ஒளி பதினாறு மடங்காகிறது. அந்த நான்கு படிகளையும் நேரத்திற்கே செலவிட்டால் 1/250 நொடியில் படமெடுக்கலாம். இரண்டு படிகளை நேரத்திற்கும் இரண்டு படிகளை உணர்திறனுக்கும் பகிர்ந்தால், 1/60 நொடியும் ஐ.எஸ்.ஓ. 400உம் போதும். கிடைத்த ஒளியை எதற்குச் செலவிடுவது என்பதை அங்கு நிகழும் செயலே முடிவுசெய்யும். அமைதியாகப் படிப்பவருக்கு 1/60 நொடி போதுமானதாக இருக்கலாம். தறியில் நாடா எறியும் நெசவாளரின் கைக்கு அது போதாது.

எந்த வில்லை?

குவியத் தொலைவை மாற்ற இயலாத வில்லைகள் நிலைக்குவிய வில்லைகள் எனப்படும். இவை எடை குறைந்தவை; பெரிய ஒளித்துளை கொண்டவை பலவும் எளிய விலையில் கிடைக்கின்றன. ஆகவே, குறைந்த ஒளியில் பணிபுரிவோர் இவற்றையே பெரிதும் நாடுகின்றனர்.

எந்தக் குவியத் தொலைவைத் தேர்வது என்பதற்கு அறையின் அளவே முதல் வழிகாட்டி. 36 மி.மீ. அகலமுள்ள முழுச்சட்ட உணரி கொண்ட கேமராவில், இரண்டு மீட்டர் தொலைவிலிருந்து எடுத்தால் 85 மி.மீ. வில்லை ஏறத்தாழ 85 செ.மீ. அகலத்தையே காணும். அதில் ஒருவரின் முகமும் தோளும் அடங்கும். 50 மி.மீ. வில்லை ஏறத்தாழ 1.4 மீட்டர் அகலத்தைக் காணும். 35 மி.மீ. வில்லை இரண்டு மீட்டருக்குச் சற்று மேலும், 24 மி.மீ. வில்லை மூன்று மீட்டரும் காணும்.

சிறிய வீட்டின் அறையில் பின்னோக்கி நகர இடமிராது. அங்கு 35 மி.மீ. வில்லை, மனிதரையும் அவர் வாழும் சூழலையும் ஒருசேரக் காட்டும். சுவரில் தொங்கும் நாள்காட்டி, அடுக்கிய பாத்திரங்கள், மூலையில் சுருட்டிவைத்த பாய் ஆகியவையும் ஆவணத்தின் பகுதிகளே. 24 மி.மீ. வில்லை இன்னும் அகலமாகக் காட்டினும், சட்டத்தின் ஓரத்தில் அமைந்த முகத்தை இழுத்து நீட்டிவிடும். முகங்களைச் சட்டத்தின் நடுப்பகுதியில் அமைப்பது நன்று. கூடம், வகுப்பறை, அரங்கம் ஆகிய பெரிய இடங்களில் 85 மி.மீ. வில்லை பயன்படும். உணரி சிறியதாக இருக்கும் கேமராக்களில் காட்சி குறுகும். பல கேமராக்களில் 35 மி.மீ. வில்லை ஏறத்தாழ 50 மி.மீ. வில்லையைப் போலக் காட்டுவது இதனாலேயே.

பெரிய துளையுள்ள வில்லையை வாங்கியவர், எப்போதும் அதை முழுமையாகத் திறந்தே வைக்க வேண்டும் என்பதில்லை. முழுச்சட்டக் கேமராவில் 50 மி.மீ. வில்லையை எஃப் 1.4இல் திறந்து, ஒன்றரை மீட்டர் தொலைவிலுள்ள முகத்தை எடுத்தால், தெளிவாகத் தெரியும் ஆழம் 7 அல்லது 8 செ.மீ. அளவே. கண் தெளிவாகவும் காது மங்கலாகவும் அமையும். தாயும் மகளும் ஒருவர்பின் ஒருவர் அமர்ந்திருந்தால் ஒருவரே தெளிவாகத் தெரிவார். துளையை எஃப் 2.8 அளவுக்குச் சுருக்கினால் அவ்வாழம் ஏறத்தாழ இருமடங்காகும். இருவரையும் ஒரே தொலைவில் அமையுமாறு படமெடுப்பவர் தாம் நிற்கும் இடத்தை மாற்றுவது இன்னும் எளிய வழி.

கையும் கண்ணும்

கருவி தரும் உதவியைவிடப் பயிற்சி தரும் உதவி சில வேளைகளில் பெரிது. முழுச்சட்டக் கேமராவைக் கையில் பிடித்து எடுக்கும்போது, ஒளிபடு நேரத்தின் பகுதி எண் குவியத் தொலைவின் எண்ணுக்குக் குறையாதிருக்க வேண்டும் என்பது பொதுவிதி. 50 மி.மீ. வில்லைக்கு 1/50 நொடி, 85 மி.மீ. வில்லைக்கு 1/85 நொடி என இதனைக் கொள்ளலாம். முழங்கைகளை விலாவோடு சேர்த்து, சுவரிலோ கதவு நிலையிலோ சாய்ந்து, மூச்சை மெல்ல வெளிவிடும்போது பொத்தானை அழுத்துபவர் இன்னும் நீண்ட நேரத்திலும் தெளிவான படம் பெறுவார். நடுக்கம் தணிக்கும் அமைப்புள்ள கருவிகள் கையின் அசைவை ஈடுசெய்யும். எதிரிலிருப்பவரின் அசைவை அவற்றால் நிறுத்த முடியாது.

பேசுவோர் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் நிறுத்துவர். வேலைசெய்யும் கை ஒரு திசையிலிருந்து மறுதிசைக்குத் திரும்பும்போது கணநேரம் நிற்கும். சாலமன் காத்திருந்தது இத்தகைய கணத்திற்காகவே.

ஒளி எங்கிருந்து வருகிறது என்பதைக் காணல் அடுத்தது. சிறிய விளக்கிலிருந்து விலகும் தொலைவு இருமடங்கானால் கிடைக்கும் ஒளி நான்கில் ஒரு பங்காகும். ஆகவே, விளக்கின் அருகே ஓரடி நெருங்குவதும் பெரும் பயன் தரும். சாளரத்தின் பக்கவாட்டு ஒளி முகத்தின் வடிவை எடுத்துக்காட்டும். சாளரத்தையே பின்னணியாக வைத்தால் முகம் கருநிழலாகும். அளவீட்டை முகத்திற்கு ஏற்பக் கணித்து, அறையின் மூலைகள் இருளாகவே இருக்க விடுவதில் தவறில்லை. இருண்ட அறை, படத்திலும் இருண்டிருப்பதே உண்மை.

விளக்குகளின் இயல்பு

இழைவிளக்கின் ஒளி மஞ்சள் சாயல் கொண்டது. பகலொளி அதனினும் நீலச் சாயல் மிகுந்தது. இரண்டும் கலந்த அறையில் முகத்தின் ஒரு பாதி மஞ்சளாகவும் மறுபாதி நீலமாகவும் தோன்றும். முகத்தின்மீது விழும் ஒளிக்கேற்ப வெண்சமநிலையை அமைத்தல் வேண்டும். படத்தைச் சுருக்கப்படாத மூலக்கோப்பாகச் சேமித்தால், நிறத்தைப் பின்னர் திருத்திக்கொள்ளலாம்.

இந்தியாவில் மின்னோட்டத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். இதனால் பழைய குழல்விளக்குகளும் தரங்குறைந்த எல்.இ.டி. விளக்குகளும் நொடிக்கு நூறு முறை கூடிக் குறைந்து ஒளிர்கின்றன. கண் இதனை உணராது. ஒளிபடு நேரம் மிகக் குறைவாக இருந்தால் படத்தில் பட்டைபட்டையாக இருள் தோன்றும். 1/100 நொடி அல்லது 1/50 நொடி என அமைத்தால் இக்குறை பெரும்பாலும் நீங்கும்.

கைப்பேசிக் கேமராவுக்கும் இவ்விதிகள் பொருந்தும். அதன் ஒளித்துளை பெரியதாயினும் உணரி மிகச் சிறியது. இரவுப்பட முறையில் அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக இணைக்கிறது. அசையாத பொருளுக்கு இது நன்கு உதவும். அசையும் மனிதர் கலங்கலாகத் தெரியக்கூடும். கைப்பேசியை மேசை விளிம்பிலோ சுவரிலோ ஊன்றிப் பிடித்தலும் விளக்கை நெருங்குதலும் செலவில்லாத தீர்வுகள்.

அறை யாருடையது?

வில்லையின் தேர்வு ஒளியோடு முடிவதில்லை. 35 மி.மீ. வில்லையுடன் ஒருவரின் முகத்தைப் படமெடுக்க விரும்புபவர் கையெட்டும் தொலைவில் நிற்க வேண்டும். அத்தொலைவில் ஒளிந்துகொள்ள இயலாது. படமெடுக்கப்படுபவரின் இசைவு தேவை. இசைவு பெற நம்பிக்கை தேவை. நம்பிக்கைக்குக் காலம் தேவை.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் டபிள்யூ. யூஜின் ஸ்மித், 1948இல் லைஃப் இதழுக்காகக் கொலராடோ மாநிலத்தின் சிற்றூர் மருத்துவர் ஒருவருடன் 23 நாள்கள் தங்கினார். தொடக்கத்தில் படச்சுருள் இல்லாத கேமராவை இயக்கியபடியே உடனிருந்தார் என்பர். கேமரா இருப்பதை அம்மருத்துவர் மறக்கப் பழகினார். நள்ளிரவு கடந்து அறுவைப் பணி முடிந்தபின், கையில் காப்பிக் கோப்பையுடன் சமையலறையில் அவர் சோர்ந்து நின்ற காட்சி அதனாலேயே நமக்குக் கிடைத்தது.

அதே ஸ்மித், மனைவி அய்லீனுடன் 1971 முதல் ஜப்பானின் மினமாட்டா நகரில் தங்கினார். தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரசம் கடல்மீன் வழியே மக்களின் உடலில் சேர்ந்து, அங்குப் பலரை முடமாக்கியிருந்தது. கருவிலேயே பாதிக்கப்பட்ட தம் மகளைத் தாய் ஒருவர் குளிப்பாட்டும் காட்சியை, அத்தாயின் இசைவோடு ஸ்மித் படமெடுத்தார். மங்கிய குளியலறையில் எடுத்த அப்படம், அந்நகரின் துயரை உலகெங்கும் கொண்டு சென்றது. அம்மகள் இறந்து ஆண்டுகள் பல கடந்தபின், அவர் இனி அமைதியாக இருக்கட்டும் என்று பெற்றோர் விரும்பினர். ஸ்மித் அப்போது உயிருடன் இல்லை. 1990களின் இறுதியில் அய்லீன் அவ்விருப்பத்தை ஏற்றார். அப்படத்தைப் புதிதாக வெளியிடுவது பல ஆண்டுகள் நிறுத்தப்பட்டது.

ரீஸ், சாலமன், ஸ்மித் ஆகிய மூவரின் பணியையும் ஒருங்கே நோக்கினால் ஒரு வேறுபாடு புலப்படும். சாலமன் மறைந்து படமெடுத்தவற்றுள் பல, அதிகாரம் கொண்டோர் பொதுப்பணி ஆற்றிய அறைகள். ரீஸும் ஸ்மித்தும் நுழைந்தவை எளியவர்கள் வாழ்ந்த அறைகள். மக்களின் வாழ்வை முடிவுசெய்யும் கூட்டத்தைக் காண மக்களுக்கு உரிமை உண்டு எனலாம். உறங்கும் ஏழையின் முகத்தைக் காண அவருடைய ஒப்புதல் இன்றி எவருக்கு உரிமை உண்டு? ரீஸின் படங்கள் விளைத்த நன்மை பெரிது. அந்நன்மை இவ்வினாவை நீக்கிவிடவில்லை.

இன்று உணர்திறன் மிகுந்த கருவிகள் மெழுகுவத்தி ஒளியிலும் படமெடுக்கின்றன. இருள் அளித்துவந்த மறைவு மனிதருக்கு இப்போது இல்லை. ஆதலின், எடுக்க முடியுமா என்னும் வினாவைவிட எடுக்கலாமா என்னும் வினா முன்னிலும் முதன்மை பெறுகிறது. வாயிலில் நின்று இசைவு கேட்டல், எடுத்த படத்தை அவரிடம் காட்டுதல், வேண்டாம் என்றால் நீக்குதல் ஆகியவையும் ஒளித்துளையையும் ஒளிபடு நேரத்தையும்போல இக்கலையின் அடிப்படைப் பாடங்களே.

கலைச்சொல் விளக்கம்

வில்லை – ஒளியைக் குவித்து உருவத்தை அமைக்கும் கண்ணாடி, லென்ஸ்
ஒளித்துளை – வில்லையினுள் ஒளி புகும் திறப்பு
ஒளிபடு நேரம் – உணரியின்மீது ஒளி விழும் கால அளவு
உணரி – ஒளியை மின்குறிகளாக மாற்றும் பகுதி
வெண்சமநிலை – வெண்மை வெண்மையாகவே தோன்றுமாறு நிறத்தைச் சரிசெய்தல்

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ ஊரிலோ கூரைக்குள் நடைபெறும் ஒரு தொழிலை, உரியவரின் இசைவுடன், ஃபிளாஷ் பயன்படுத்தாமல் ஐந்து படங்களில் பதிவுசெய்க. ஒவ்வொரு படத்திற்கும் இரண்டு வரி விளக்கம் எழுதுக.
2. ‘துயரில் இருப்போரைப் படமெடுத்தல்’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடல் நிகழ்த்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக
எஃப் 4இலிருந்து எஃப் 2க்கு ஒளித்துளையை மாற்றினால் உட்புகும் ஒளி
அ) பாதியாகும் ஆ) இருமடங்காகும் இ) நான்கு மடங்காகும் ஈ) எட்டு மடங்காகும்

குறுவினா
1. எஃப் எண் என்பது யாது?
2. செயற்கை ஒளியில் படத்தில் இருள்பட்டைகள் தோன்றுவது ஏன்?

சிறுவினா
1. சிறிய அறைக்கு 35 மி.மீ. வில்லை ஏற்றதாவது எவ்வாறு? விளக்குக.
2. ஜேக்கப் ரீஸின் ஒளிப்படப் பணி விளைத்த நன்மையையும் அதிலிருந்த இடரையும் எழுதுக.

நெடுவினா
‘குறைந்த ஒளியில் படமெடுக்கும் கலையில் அறிவியலும் அறமும் இணைந்துள்ளன’ – இக்கூற்றைப் பாடப்பகுதியின் சான்றுகளுடன் நிறுவுக.